குடையும் கைலியும், நான்காம் வாரம்

ராமதாஸுக்குப் பயம் அப்பா வழியில் வந்த சொத்து. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். ஆட்களைக் கணக்கெடுக்கும் தோட்டத்துக் கிராணியின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவன் அப்பா சாப்பிடுகிற கையோடு எழுந்து நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமல் இவனும் நிற்பான். தோட்டத்தை விட்டு பினாங்குத் தீவுக்கு வந்து, எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் டெக்னீஷியனாக வேலை பார்த்து, பாயான் பாருவில் நாலாவது மாடி வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தி, முப்பத்து மூன்று வயதான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சூப்பர்வைசர் காமாரியா பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்து நிற்பான்.

மேடையில் ஏறிவிட்டால் மட்டும் இவன் வேறு ஆள். கோயில் திருவிழா நாடகத்தில் கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றானென்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், அரசுப் பட்டம் பெற்ற டத்தோவையும் கிண்டல் செய்வான். இறங்கியதும் அதே டத்தோ தோளில் தட்டிப் பாராட்ட வந்தால் வாயில் வார்த்தை வராது.

அவனோடு மேடையில் சேர்ந்தவர் ஆனந்தராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பீச் ஸ்ட்ரீட்டில் கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. மழை வெயில் எதுவானாலும் கையில் கறுப்புக் குடை. மனைவி இறந்து நாலு வருஷமாகிவிட்டது. ஒரே மகள் செல்வநாயகி மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய அப்பாவும் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்தான். மோட்டார் சைக்கிளில் வந்தவரின் மகனும் அதைக் கேட்டு எழுந்து நின்றவரின் மகனும் மேடையில் அண்ணன் தம்பியாக நின்றார்கள். அந்தப் பொருத்தமின்மையைப் பார்த்துத்தான் ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மேடைக்கு வெளியேயும் அவர் இவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். கூடப் பிறந்தவர்களே அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆனந்தராஜாவிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் சுவரில் தொங்கும் நாள்காட்டியைத்தான் பார்ப்பார். தாள் கிழிக்காமல் பழைய தேதியில் நின்றால் மனுஷருக்குத் தண்ணீர்கூட இறங்காது. கிழித்து, அன்றைய தேதிக்குக் கொண்டுவந்து, கிழித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உட்காருவார். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று ராமதாஸின் மனைவி வடிவு வெள்ளிக்கிழமையோடு காலண்டரைக் கிழிக்காமல் விட்டுவிடுவாள். அண்ணனுக்கு வேலை வேண்டாமா என்று சிரிப்பாள்.

எண்பத்து நான்கு கடைசியில் கோலாலம்பூரிலிருந்து வந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒருவர் இவர்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டார். அதில் பிறந்ததுதான் ‘குடையும் கைலியும்’ என்ற நகைச்சுவைத் தொடர். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம், பதின்மூன்று வாரம். பட்டணத்தில் இங்கிலீஷ் படித்து வளர்ந்த அண்ணன், தோட்டத்தில் வளர்ந்த தம்பி, அப்பா விட்டுப்போன ஒரே வீட்டில் இரண்டு பேரும் குடியிருந்தாக வேண்டும். கதை அவ்வளவுதான்.

பிப்ரவரியில் மூன்று பகுதிகள் பதிவாயின. ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து இரண்டு பேரும் கோலாலம்பூருக்குப் போய்வந்தார்கள். அதற்கு ராமதாஸ் முறையாக விடுப்பு எடுத்தான். அதோடு அவனுடைய அந்த வருஷத்து விடுப்பு தீர்ந்துபோனது. மார்ச்சில் மறுபடி நாலு நாள் வரச் சொன்னார்கள். அவன் கிளினிக்குக்குப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். மேடையில் கற்ற வித்தை. டாக்டர் நம்பி எம்.சி. கொடுத்துவிட்டார். முதுகுவலி, பாரம் தூக்கக் கூடாது, பன்னிரண்டாம் தேதியிலிருந்து நான்கு நாள் மருத்துவ விடுப்பு.

பஸ்ஸில் அந்தச் சீட்டை ஆனந்தராஜாவிடம் காட்டினான்.

“பிழையான வேலை, தம்பி,” என்றார் அவர்.

“நாலு நாளுதானேண்ணே. யாருக்குத் தெரியப்போவுது லா?”

அந்த வாரம் பதிவான நான்காம் பகுதிதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. வெள்ளத்தில் அண்ணன் வழுக்கி விழுந்துவிடுகிறார். தம்பி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான். விரித்த குடையை அவர் மடக்க மாட்டேன் என்கிறார். குடை கதவில் மாட்டுகிறது, விசிறியில் மாட்டுகிறது. கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் கடைசியில் அண்ணனைக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் தொபுக்கென்று போடுகிறான். கேமராக்காரர் சிரித்ததில் இரண்டு தடவை திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

மே மாதம் நான்காம் தேதி முதல் பகுதி ஒளிபரப்பானது. அதற்குள் நாட்டில் வேலை நிலவரம் மோசமாகிவிட்டது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே நாளில் இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கேயும் ஜூன் முடிவதற்குள் ஆட்குறைப்புப் பட்டியல் வரும் என்று கேன்டீனில் பேச்சு அடிபட்டது. பொய் எம்.சி. எடுத்தவர்கள், அடிக்கடி தாமதமாக வந்தவர்கள் பெயர்தான் முதலில் இருக்கும் என்றார்கள். ராமதாஸ் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். அவனுடைய தைரியமெல்லாம் ஒரே கணக்கில் நின்றது. தமிழ் நிகழ்ச்சியைத் தமிழர்கள்தான் பார்ப்பார்கள், ஆபீசில் இருப்பவர்கள் மலாய்க்காரர்கள், சீனர்கள். அவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்?

திரைக்குக் கீழே மலாயில் எழுத்து ஓடும் என்பதைப் பாவி மறந்துவிட்டான். தன் முகத்தைப் பார்க்கிற ஆவலில் எவன் கீழே பார்ப்பான்?

முதல் வாரம் முடிந்த திங்கட்கிழமை காமாரியா அவனைப் பார்த்து “அடிக்!” என்று கூப்பிட்டாள். மலாயில் தம்பி என்று அர்த்தம். அவன் வழக்கம்போல் எழுந்து நின்றான். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் தன் அம்மா அவனைப் பார்த்துச் சிரி சிரி என்று சிரித்ததாகச் சொன்னாள். ராமதாஸ் இளித்து வைத்தான்.

இரண்டாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை காமாரியா கையில் வருகைப் பதிவேட்டோடு வந்து நின்றாள்.

“அடிக், உன் அண்ணனுக்குப் பின்னாலே காலண்டர் தொங்குதே, பார்த்தியா? இருபத்தாறு, செவ்வாய். நான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி இருபத்தாறு, நீ லீவு! அன்னிக்குத்தான் எடுத்தாங்க, இல்லே?” சரியாகக் கண்டுபிடித்துவிட்ட குழந்தை மாதிரி கை தட்டினாள். “இனிமே ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன்.”

ராமதாஸுக்குக் காதில் ஙொய் என்று சத்தம் கேட்டது. பிப்ரவரி பரவாயில்லை, அது முறையான லீவு. ஆனால் மார்ச்சில்? அந்தக் காட்சி அவன் கண்முன் வந்தது. நான்காம் பகுதி எடுத்த அன்று காலை ஆனந்தராஜா செட்டுக்குள் வந்தார், செருப்பைக் கழற்றினார், அட்டை வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், கிழித்தார், மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது பொய் வீடு, பொய்ச் சுவர் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை, தேதி மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். பதினான்கு, வியாழன். உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய எழுத்து. அதற்கு நேர் முன்னால்தான், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளில், எழுபது கிலோ அண்ணனை முதுகில் சுமந்து மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறான்.

நான்காம் பகுதி வர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அன்று அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, படுத்தால் தூக்கமும் வரவில்லை. வேலை போனால் மாடி வீடு போகும். வீடு போனால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாசேக் கெலுகோருக்குத்தான் திரும்ப வேண்டும். வடிவு கேட்டதற்கு உண்மையாகவே முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டான். அவள் தைலம் தேய்த்துவிட்டாள். அந்தக் கை பட்டபோதெல்லாம் அவனுக்கு அழுகை முட்டியது. காமாரியாவிடமே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. கூப்பிட்டாலே எழுந்து நிற்கிறவன் வாயைத் திறந்து எப்படிச் சொல்வான்? மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து மதியம் மூன்று மணிக்கு வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி நேரே டவுனுக்குப் போனான்.

குவீன் ஸ்ட்ரீட் முனையில், கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில், ஷேக் அலாவுதீன் ஒரு மேசையும் டைப்ரைட்டரும் போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரசாங்க ஆபீசுக்கு மலாயில் கடிதம் வேண்டுமென்றால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். ராமதாஸ் இரண்டு முறை அவரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, மூன்றாம் முறை முக்காலியில் உட்கார்ந்தான்.

“டி.வி.லே ஒரு நாடகம் போடுறாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்களைக் கேவலப்படுத்துறாங்க. அதை நிறுத்தணும்னு எழுதணும்.”

அலாவுதீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளைச் செருகி, மேலே தேதியைத் தட்டினார். தேதி அடிக்காமல் அவர் எந்த மனுவும் தொடங்கியதில்லை. “பேரு?”

“பேரு வேணுமா?”

“மொட்டைக் கடுதாசியை எவனும் படிக்க மாட்டான் தம்பி.”

“கதிர்காமநாதன்,” என்றான் ராமதாஸ். யாழ்ப்பாணத்துப் பெயராக வாயில் வந்தது அதுதான்.

“சரி. என்னா கேவலப்படுத்துனாங்க? சும்மா கேவலம் கேவலம்னு எழுதினா ஆபீசர் தூக்கி அந்தாண்டை வச்சிருவாரு. இன்ன எடத்துலே இன்னது செஞ்சான்னு இருக்கணும்.”

ராமதாஸ் முக்காலியில் நெளிந்தான். ஒளிபரப்பான இரண்டு பகுதியிலும் என்ன இருந்தது என்று யோசித்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இரண்டு நாளாக அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே காட்சிதான். அதுவே வாயிலும் வந்தது. “பெரிய மனுசனை மூட்டை மாதிரி முதுகுலே தூக்கிட்டுப் போயி, தண்ணித் தொட்டியிலே போடுறான்.”

“அப்படிச் சொல்லு,” என்று அலாவுதீன் தட்டத் தொடங்கினார். சமூகத்தின் மனம் புண்படுகிறது, ஒற்றுமை கெடும் என்றெல்லாம் அவராகவே சேர்த்துக்கொண்டார். தபால் பெட்டியில் உறை விழுந்த சத்தம் கேட்டதும் ராமதாஸ் அதைத் திரும்ப எடுக்கிறவன் மாதிரி பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல்தான் மாட்டிக்கொண்டது.

மே இருபத்தைந்து, சனிக்கிழமை. வீடு நிறையப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ராமதாஸ் கதவோரமாக நின்றான். உட்கார முடியவில்லை. தொடர் வர வேண்டிய நேரத்தில் பழைய பாட்டுகள் வந்தன. ஒரு விளக்கமும் இல்லை. மக்கள் உச்சுக்கொட்டி எழுந்து போனார்கள். அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

திங்கட்கிழமை காமாரியா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். நோன்பு தொடங்கியிருந்தது. “ஏன் நிறுத்திட்டாங்க? அம்மா சனிக்கிழமை முழுக்கக் காத்திருந்தாங்க, அடிக்.” தனக்கு என்ன தெரியும் என்று அவன் முனகினான். அவள் குரலைத் தாழ்த்தினாள். “மார்ச் மாசம் முதுகுவலின்னு போனியே, அதுவும் ஷூட்டிங்தானே?”

ராமதாஸ் எழுந்து நின்றான்.

“உட்காரு லா. நீ திரும்பி வந்த அன்னிக்கே தெரியும். காதுக்குப் பின்னாலே முகப்பூச்சு அப்படியே இருந்தது. முதுகுவலிக்கு எந்த டாக்டர் முகத்துக்குப் பவுடர் போடுறாரு?” அவள் சிரித்தாள். “பட்டியலை நான்தான் எழுதினேன். உன் பேரு இல்லே. ஒன்பது வருஷத்துலே நாலு நாள் ஒருத்தன் பொய் சொன்னா என்ன? அடுத்த தடவை என்கிட்டே சொல்லிட்டுப் போ.”

அவள் போன பிறகும் அவன் நின்றுகொண்டே இருந்தான். அந்தக் கடிதம் வேண்டியதே இல்லை. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து அவளிடம் கேட்டிருந்தால் போதும். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அந்த ஞாயிறு ஆனந்தராஜா வந்தார். ஒரே வாரத்தில் பத்து வயது கூடினாற்போல் இருந்தார். நாள்காட்டிப் பக்கம் திரும்பாமல் நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வடிவு காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“முடிஞ்சுது, தம்பி. எங்கடை ஆக்களிலை ஒருத்தர் கடிதம் போட்டிருக்கிறார். கதிர்காமநாதன் எண்டு பேராம். தயாரிப்பாளர் எனக்குக் கொப்பி அனுப்பியிருக்கிறார்.” அவர் ராமதாஸின் முகத்தையே பார்த்தார்.

“யாருண்ணே அந்தப் பாவி?” என்றான் ராமதாஸ். அந்தக் கேள்வி எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை.

ஆனந்தராஜா காப்பியைத் தள்ளி வைத்தார். “தெரியேல்லை,” என்றார். பிறகு எழுந்து காலண்டரைக் கிழித்தார்.

அன்று பிடித்த பயம் ராமதாஸை ஏழு வருஷம் விடவில்லை. ஆனந்தராஜா அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் சங்கத்துக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், தீபாவளிக்கு இவன் வீட்டில்தான் சாப்பாடு, ஒவ்வொரு ஜனவரியிலும் மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையில் கொடுக்கும் புதுக் காலண்டரை வாங்கிவந்து மாட்டுவார். அவர் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவன் முகம் செத்துப்போகும். இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ? இன்றைக்கு நாமே சொல்லிவிடலாமா? சொன்னால் எழுந்து போய்விடுவார், அப்புறம் வரவே மாட்டார். குழந்தைகள் அவர் மடியில் ஏறி விளையாடும்போது ராமதாஸ் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வான். அவர் குடையைக் கையில் எடுத்த பிறகுதான் மூச்சு சீராகும்.

தொண்ணூற்றிரண்டு டிசம்பரில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகள் மெல்பர்னுக்குக் கூப்பிட்டுவிட்டாள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால், முழங்கால் வலியோடு குடையை ஊன்றி ஊன்றி நாலு மாடி ஏறி வந்தார். வடிவு பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருந்தாள். வந்தவர் காலண்டரைக் கிழித்தார், மடித்தார், உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார்.

உள்ளே அந்தக் கடிதத்தின் நகல். மேலே மே பதினான்கு என்ற தேதியைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். தண்ணீர்த் தொட்டி பற்றிய வரியைச் சுற்றி இன்னொரு வட்டம். ஓரத்தில் குமாஸ்தாக் கையெழுத்தில் சின்னதாக, ‘ஒளிபரப்பு நாள்: மே 25’. கடிதம் எழுதிய அன்று அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்திருக்கவே இல்லை. அதைப் பதிவு செய்த இடத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களில் பினாங்கில் இருந்தது இரண்டே பேர்.

ராமதாஸ் எழுந்து நின்றான். தோட்டத்தில் அப்பா நின்ற மாதிரியே நின்றான்.

“இரு தம்பி, இரு.”

“எப்பத்துலேருந்துண்ணே தெரியும்?”

“கடிதம் கையிலை கிடைச்ச அண்டைக்கே. தேதியைப் பாக்காமல் நான் எதையும் வாசிக்கிறனானோ?”

“அப்ப ஏண்ணே கேக்கலே? நாலு அறை அறைஞ்சிருக்கலாமே!”

“கேக்கத்தான் அண்டைக்கு வந்தனான். நீ, ஆர் அந்தப் பாவி எண்டு கேட்டாய். நான் பயந்திட்டன்.” அவர் குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே பேசினார். “நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டால், பிறகு நான் இந்தப் படியிலை எப்பிடி ஏறுறது? மனுசியும் போயிட்டாள். பிள்ளை அங்கை. தீபாவளிக்கு ஆர் வீட்டை போறது? ஏழு வருசம் பயந்து பயந்துதான் வந்தனான், நீ எங்கை வாய் திறந்து சொல்லிப்போடுவியோ எண்டு.”

ராமதாஸ் அவர் காலடியில் உட்கார்ந்து அவருடைய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்ததாக, திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னான். அவர் தலையை ஆட்டினார்.

“தெரியும். நான் தாள் கிழிக்கேக்கை எல்லாம் உன்ரை முகம் போற போக்கைப் பாத்துப் பாத்து விளங்கிச்சுது. அண்டைக்கு செட்டிலை அந்தத் தாளைக் கிழிச்சதும் நான்தானே.”

வடிவு வரும் வரை இருக்கச் சொன்னான். அவர் கேட்கவில்லை, கீழே டாக்சி நிற்கிறது என்றார். வாசல்வரை வந்து படிக்கட்டைப் பார்த்ததும் தயங்கினார். ஏறுவதைவிட இறங்குவது அவர் முழங்காலுக்குக் கஷ்டம். ராமதாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் குனிந்தான்.

“ஏறுங்கண்ணே.”

“விசரா உனக்கு?”

“ஏறுங்க லா.”

அவர் ஏறிக்கொண்டார். எழுபது கிலோ இப்போது அறுபதுகூட இருக்காது. எதிர் வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒவ்வொரு படியாக ராமதாஸ் இறங்கினான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் குடை கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்தபடி அவர் அவன் காதருகே சொன்னார்.

“கவனம், தம்பி. முதுகு நோகுது எண்டு டொக்டரிட்டை துண்டு வாங்கினனி.”